துணைவேந்தருக்கு நோ டியூஸ்

நளினிக்கா, முந்தாநாளு டிவில சித்தூர் கலெக்டர் ஆபீஸ் கேட்டுக்கு வெளிய, மாலைய கழட்டி மடில வெச்சிக்கினு ஒருத்தர் படிக்கட்டுல ஒக்காந்துகினு இருந்தாரே, அவரு உங்க யுனிவர்சிட்டி வி.சி.யான்னு கேட்டு மூணு மெசேஜ் போட்டுக்கீற. ஆமா, அவரேதான். உமாபதி சாரு. டைப் பண்ண எனக்கு கை வரல, அதனால பேசிக்கினே போறேன், போனு எழுத்தா போட்டுக்கும். நைனா வேலைலேருந்து வந்ததும் படிச்சி காட்டு. ரெண்டு மாசமா நான் போன்ல ஒழுங்கா பேசலன்னு அவருக்கு வருத்தம். இன்னாத்துக்கு பேசலன்னு இதுல தெரியும்.

ஸ்ரீசிட்டி கம்பெனில எனக்கு லேப் வேல குடுத்தது உங்களுக்கு தெரியும். ஒரு கண்டிஷன் போட்டாங்கன்னு மட்டும் நான் சொல்லல. ஒரிஜினல் டிகிரி சர்டிபிகேட்ட இந்த மாசம் பத்தாம் தேதிக்குள்ள காட்டணும், இல்லன்னா லிஸ்ட்ல எனக்கு அடுத்து கீற பொண்ணுக்கு வேல போயிடும். நான் எம்.எஸ்சி. முடிச்சி ரெண்டு வருஷம் ஆவுது. ரெண்டு வருஷமா பட்டமளிப்பு விழா இல்ல, சர்டிபிகேட்டும் இல்ல. திருப்பதில ஒரு மருந்து கடைல நின்னுக்கினு, வாரத்துல ரெண்டு நாளு யுனிவர்சிட்டிக்கு போயி கேட்டுக்கினு, வந்துக்கினு இருந்தேன்.

எதனால குடுக்கலன்னா, யுனிவர்சிட்டிக்கு கவர்மெண்டு குடுத்துக்கினு இருந்த பணம் நின்னு போச்சி. நிறுத்திட்டோம்னு அவங்க சொல்லல. 'ஆத்ம கௌரவ திட்டம்'னு பேரு வெச்சாங்க. இனிமே ஒவ்வொரு யுனிவர்சிட்டியும் காம்பவுண்டுக்குள்ள தானே வரி போட்டு வசூல் பண்ணிக்கணும், எவ்ளோ வசூலோ அவ்ளோ கவர்மெண்டும் போடும்னு ஆர்டரு. அதுக்கு ரெவின்யூ செல்லுன்னு ஒரு ஆபீஸ் தெறந்தாங்க. இடம் இல்லன்னு லைப்ரரில பாதிய எடுத்துக்கினாங்க. வி.சி. ரிப்பன் வெட்டி பேசினாரு.

"பிள்ளைங்களா, இத்தனை வருஷம் நாம கவர்மெண்டு கிட்ட கையேந்தினோம். அது அவமானம். இனிமே உங்க கிட்ட ஏந்துவோம். வீட்டு பிள்ளைங்க கிட்ட கேக்கறதுல அவமானம் கெடையாது. வீட்டு பிள்ளைங்களால இல்லன்னு சொல்லவும் முடியாது."

எல்லாரும் கை தட்டினோம். கை தட்டறதுக்கு அன்னிக்கு வரி இல்ல.

மொதல்ல நிழல் வரி வந்துச்சி. காம்பஸ்ல கீற வேப்ப மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டாங்க. அதுக்கு கீழ ஒக்காந்தா சீட்டு வாங்கணும். காலைல ஒக்காந்தா வேணாம், ஏன்னா காலைல நிழலு மதில தாண்டி ரோட்டுல விழுது, அது கார்ப்பரேஷனுக்கு சேரணும். அப்பால டவுட்டு வரி. கிளாஸ்ல ஒரு சந்தேகம் கேட்டா ஒரு சீட்டு. அஞ்சி மாசமா சம்பளம் வராத வாத்தியாருங்களுக்கு அதுல பங்கு உண்டுன்னு சொன்னாங்க. மறுநாளே எங்க டிபார்ட்மெண்டு சாரு போர்டுல ஒரு சமன்பாட்ட ரெண்டு பக்கமும் சேராம எழுதிட்டு, சாக்பீஸ கீழ வெச்சிட்டு, ஜூனியர் பசங்க மூஞ்சிய ஒவ்வொன்னா பாத்துக்கினே நின்னாராம். இருவது வருஷமா தப்பே போடாத மனுஷன்.

இத எதிர்த்து போராட்டம் நடந்துச்சி. நடத்தினது தேவேந்திரன், மாணவர் சங்க தலைவரு. பி.எச்டி.ல பதினோராவது வருஷம், தலைல பாதி நரை. சங்க தேர்தல் வருதுன்னு சொல்லி ஆர்ட்ஸ் பிளாக் வாசல்ல ஷாமியானா போட்டு கத்திக்கினு இருந்தான். சாயங்காலம் வி.சி. கூப்ட்டு காபி குடுத்தாரு. மறுநாள்லேருந்து கோஷ வரி. ஒரு கோஷத்துக்கு ஒரு சீட்டு, பதிலுக்கு 'வாழ்க, ஒழிக' சொல்றவங்களுக்கு பாதி. வசூல் காண்ட்ராக்டு தேவேந்திரனுக்கு. கேட்டுல வண்டி வெளிய போறதுக்கு போட்ட வரியும் அவனுக்கே. அப்பவும் அவன் போராட்டத்த நிறுத்தல.

"இந்த வரிய நாங்க கடைசி வரைக்கும் எதிர்ப்போம்"னு மைக்ல சொன்னான். "ஆனா ரசீது இல்லாம யாரும் எதிர்க்க கூடாது. ஒழுக்கம் முக்கியம்."

இதெல்லாம் நான் தூரத்துலேருந்து பாத்துக்கினு இருந்த கூத்து. என் தலைல விழுந்தது வேற.

சர்டிபிகேட் வேணும்னா நோ டியூஸ் வேணும், அதாவது உனக்கும் யுனிவர்சிட்டிக்கும் பாக்கி ஒன்னியும் இல்லன்னு ஒரு சீட்டு. அந்த கவுண்டரு சூப்பிரண்டு சுந்தரம்மா மேடம். கெட்டவங்க இல்ல, நல்லவங்களும் இல்ல, காலம் காலமா பாரத்த ரொப்பிக்கினு கீறவங்க. என் பைலு பாத்துட்டு, தெலுங்குல பொண்ணுங்கள கூப்புடற மாதிரி, "அம்மாயி, நீ பத்தாவது, ப்ளஸ் டூ ரெண்டும் தமிழ்நாட்டுல படிச்சிக்கீறியா?"ன்னாங்க. ஆமா மேடம், பள்ளிப்பட்டு கவர்மெண்டு ஸ்கூல்னு சொன்னேன். அவங்க பேனாவ கீழ வெச்சாங்க.

"அப்போ அந்த அறிவு பார்டர் தாண்டி வந்திருக்குது. நொழைவு வரி கட்டினியா?"

வெளயாடறாங்கன்னு நெனச்சேன். சர்க்குலர எடுத்து காட்டினாங்க. வெளி மாநிலத்துல கத்துக்கினு, இங்க கொண்டாந்து, பரீட்சைல உபயோகப்படுத்தின அறிவுக்கு நொழைவு வரி. எங்க ஊரு நகரி பார்டர்லதான் கீது, அங்கேருந்து பள்ளிப்பட்டு எத்தினி தூரம், சைக்கிள்ல போய் வர்றோமே மேடம்னு கேட்டேன். லாரில வந்தாலும் சைக்கிள்ல வந்தாலும் சரக்கு சரக்குதாம்மா, தலைல வெச்சி கொண்டாந்தா கணக்குல வராதான்னு கேட்டாங்க.

எவ்ளோ சரக்குன்னு தெரியணும்ல, அதுக்கு ஒரு மதிப்பீட்டு பரீட்ச. எவ்ளோ ஞாபகம் கீதோ அவ்ளோ வரி. எனக்கு முன்னால போன ஒரு கார்வேட்டிநகரம் பையன், அவனும் திருத்தணில படிச்சவன், எல்லாத்துக்கும் டாண் டாண்ணு பதில் சொல்லிட்டு, வந்த தொகைய பாத்துட்டு அங்கியே ஒக்காந்துட்டான். அதனால நான் உஷாராயிட்டேன். ஏழெட்டு எவ்ளோன்னு கேட்டாங்க. தெரியல சார். தண்ணி எத்தினி டிகிரில கொதிக்கும்? எங்க வீட்ல அம்மாதான் வெப்பாங்க சார், நான் பாத்தது இல்ல. இந்தியாவோட தலைநகரம்? சோளிங்கர்.

நைனா, உனக்கு தெரியும், நான் ஸ்கூல்ல பர்ஸ்ட்டு. அந்த ரூம்ல மூணு பேரு முன்னால ஒன்னியும் தெரியாத மாதிரி வாய தெறந்துக்கினு ஒக்காந்திருந்தேன். எழுதிக்கினு இருந்த கிளார்க்கு நிமிந்து பாத்து பாவம்னு ஒரு பார்வ பாத்தான். அந்த பார்வைக்காகவே ஏழெட்டு அம்பத்தாறுன்னு கத்தலாம்னு தோணுச்சி. கத்தல. 'இறக்குமதி அறிவு: ஒன்றும் இல்லை, வரி: ஒன்றும் இல்லை'ன்னு சீல் குத்தி குடுத்தாங்க. ஜெயிச்சிட்டேன்னு நெனச்சி அன்னிக்கு ஒரு கரும்பு ஜூஸ் குடிச்சேன்.

நாலு நாள் கழிச்சி லெட்டரு வந்துச்சி. பத்தாவது பாடமே தெரியாத மாணவி எம்.எஸ்சி. எப்படி பாஸ் பண்ணாங்கன்னு பரீட்ச செக்ஷனுக்கு சந்தேகம் வந்துடுச்சாம். விசாரணை. விசாரணை அதிகாரி வி.சி.

அப்போதான் அக்கா, உமாபதி சார மொத மொத கிட்டக்க பாத்தேன். புத்தூர் பக்கத்துக்காரரு, தமிழ் நல்லா வரும், தேவப்பட்டா மட்டும் பேசுவாரு. அன்னிக்கு தேவப்படல, தெலுங்குலதான் பேசினாரு. ரூம் பூரா போஸ்டர் கட்டு. பட்டதாரிங்க மட்டும் ஓட்டு போட்டு மேல்சபைக்கு ஒருத்தர அனுப்புவாங்களே, அந்த தேர்தல்ல அவரு நிக்கறாரு. 'கல்விக்காக வாழ்ந்தவர்'னு போஸ்டர்ல போட்டிருந்தது. அவரு மேஜ மேல சிவப்பு ரிப்பன் கட்டி ஒரு பெரிய அடுக்கு. என் பேட்ச்சு, அதுக்கு அடுத்த பேட்ச்சு, எல்லாரோட சர்டிபிகேட்டும் பிரிண்டு ஆயி கையெழுத்துக்கு மட்டும் நின்னுக்கினு இருந்தது. ஐநூத்தி நாப்பது.

நான் நடந்தத சொன்னேன், ஏழெட்டு அம்பத்தாறுன்னும் சொன்னேன். அவரு சிரிச்சாரு. உன் மேல தப்பு இல்லம்மா, விசாரணைய மூடிடறேன்னாரு. அப்போ கையெழுத்து சார்னு கேட்டேன். இல்ல ரப்பர் ஸ்டாம்பு இருந்தா நானே குத்திக்கறேன் சார்னேன். அதுக்குதான் கோவம் வந்துச்சி. பட்டத்துக்கு ஸ்டாம்பு குத்தறது சரஸ்வதிக்கு அவமானமாம். துணைவேந்தரு சொந்த கையால, மை பேனால, தெலுங்குலயும் இங்கிலீஷ்லயும் முழு பேரு எழுதி தேதி போடணும்னு அவரே சர்க்குலர் போட்டுக்கீறாராம்.

"மூணு வருஷம் முன்னாடி டிகிரி முடிச்சவங்களுக்குதான் இந்த தேர்தல்ல ஓட்டு. அவங்களுக்கு வீடு வீடா போயி சர்டிபிகேட் குடுத்துட்டேன். நீ முடிச்சி ரெண்டு வருஷம்தான் ஆவுது. உனக்கு போடற கையெழுத்து எனக்கு இன்னா தரும், நீயே சொல்லு. அடுத்த தேர்தலுக்கு வா, மொத கையெழுத்து உனக்குதான்."

பத்தாம் தேதின்னு ஒன்னு கீது சார்னு சொன்னேன். எல்லா மாசத்துலயும் பத்தாம் தேதி வரும்மான்னு சொல்லிட்டு போன எடுத்துக்கினாரு.

வெளிய வந்து ஏழாம் நம்பர் மரத்துக்கு கீழ நின்னேன், ஒக்காரல. அழுவ வந்துச்சி, அழுவல. வேற ஒரு யோசன வந்துச்சி.

மறுநாளு போயி ரெவின்யூ செல்லுல சேவை கேட்டேன். சேவைன்னா, கவுண்டர்ல இருந்த காண்ட்ராக்டு ஆளுங்களுக்கு சம்பளம் குடுக்க முடியாம நிறுத்திட்டாங்க, அதனால பாக்கி கீறவங்களே கவுண்டர்ல ஒக்காந்து வேல செஞ்சி கழிச்சிக்கலாம்னு ஒரு ரூலு. எனக்கு பாக்கி இல்லியே மேடம்னு நானே சொல்லிட்டேன். சுந்தரம்மா மேடம் தேடி பாத்து, விசாரணை நடத்தினதுக்கு விசாரணை கட்டணம் கீதுன்னு கண்டுபுடிச்சி குடுத்தாங்க. நோ டியூஸ் கவுண்டர்ல ஒக்கார, பாக்கி உள்ளவங்களுக்குதான் தகுதி. மருந்து கடைல லீவு சொல்லிட்டு மூணு வாரம் அங்க ஒக்காந்தேன். வேல கம்மி. சர்க்குலரு பைலுங்க ரெண்டு பீரோ இருந்தது. எல்லாத்தையும் படிச்சேன் அக்கா. எம்.எஸ்சி.க்கு கூட நான் அப்படி படிச்சது இல்ல.

ஏழாம் தேதி மனு தாக்கலுக்கு கடைசி நாளு, மூணு மணிக்குள்ள சித்தூர் கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கணும். மத்தவங்கெல்லாம் முன்னாடியே போட்டுட்டாங்க, இவரு மட்டும் பஞ்சாங்கம் பாத்து, தசமி நல்ல நாளுன்னு அன்னிக்கு வெச்சிருந்தாரு. ஆறாம் தேதியே ராஜினாமாவும் குடுத்துட்டாரு. மனு கூட, கவர்மெண்டு பங்களால இருந்தவங்க வாடக, தண்ணி, கரண்டு பாக்கி இல்லன்னு சீட்டு வெக்கணும். அந்த சீட்டு எங்க கவுண்டர்ல. சுந்தரம்மா மேடத்துக்கு அன்னிக்கு எலெக்ஷன் டூட்டி டிரெயினிங், சித்தூர்ல. சீல என் கையில குடுத்துட்டு, ஏழுமலையானே வந்தாலும் பாரத்துல எல்லா கட்டமும் ரொப்பாம சீல் குத்தாத அம்மாயின்னு சொல்லிட்டு போனாங்க. நான் சரின்னு தலையாட்டினேன்.

பத்து மணிக்கு வந்தாரு. பட்டு வேட்டி, குங்குமம், கழுத்து நெறய மாலை. வெளிய நாப்பது வண்டி ஊர்வலத்துக்கு ரெடியா நிக்குது, டிவிகாரங்க ரெண்டு பேரு. கூட தேவேந்திரன். பாரத்த நீட்டி, சீல் குத்தும்மான்னாரு. என்ன அடையாளம் தெரியல.

எட்டு கட்டத்தையும் சரி பாத்தேன். எல்லாம் கட்டிக்கீறாரு. ஒன்பதாவது கட்டத்துக்கு வந்தேன்.

"சார், மேஜ மேல நிலுவைல கீற பேப்பரு. 'ஒன்றும் இல்லை'ன்னு இருந்தாதான் சீல் குத்தலாம்."

"இல்லன்னு எழுதிக்கோம்மா."

"ஐநூத்தி நாப்பது கீது சார்."

அந்த கட்டத்த சேத்ததே அவருதான். போன வருஷம் பழைய ரிஜிஸ்திராரு ரிட்டயரு ஆவறப்போ அவர மடக்கறதுக்கு போட்ட சர்க்குலரு அது. நான் எடுத்து காட்டினதும், அடில கீற தன் கையெழுத்த பாத்து அவருக்கே ஞாபகம் வந்துடுச்சி. ஆனா மூளக்காரரு, விடல. நான்தான் ராஜினாமா பண்ணிட்டேனே, வி.சி.யே இல்ல, நான் போட்டா அந்த கையெழுத்து செல்லாதேன்னாரு. நான் அடுத்த சர்க்குலர எடுத்து வெச்சேன். நோ டியூஸ் கையில வாங்கற வரைக்கும் யாரும் பதவிலேருந்து விடுபட்டதா ஆவாது. அதுவும் அந்த ரிஜிஸ்திராருக்காக போட்டதுதான்.

"இந்த சீட்ட நான் குடுக்கற வரைக்கும் நீங்கதான் சார் வி.சி. குடுத்தப்புறம் போட்டாதான் செல்லாது. அதனால இப்பவே போட்டுடுங்க."

தேவேந்திரன் எகிறி வந்தான். ஏய், யார் கிட்ட பேசற தெரியுமா, சீல குடுடின்னு கவுண்டர தட்டினான். நான் சீல மேஜ நடுவுல வெச்சேன். எடுத்துக்கங்க அண்ணா, ஆனா கவர்மெண்டு சீல புடுங்கினா கேஸு, வெளிய கேமரா நிக்குது, வேட்பாளரு பேருல கேஸ் கீதுன்னா மனுல அதையும் எழுதணும்னு சொன்னேன். அவன் வி.சி.ய பாத்தான், வி.சி. கடியாரத்த பாத்தாரு.

அப்போதான் அவருக்கு தமிழ் தேவப்பட்டுது.

"நீ தமிழ் பொண்ணு தானம்மா? நானும் புத்தூருதான். நம்மளுக்குள்ள இன்னாத்துக்கு ரூலு?"

"என் தமிழு இறக்குமதி சார். உங்களுது உள்ளூரு. ஒன்னா சேராது."

அடுக்க எடுத்தாந்தாங்க. அவரு பால்பாயிண்டு பேனாவ எடுத்தாரு. மை பேனா சார்னு சொன்னேன். ஸ்டேஷனரிக்கு ஆளு ஓடுச்சி. ரெண்டு பாஷைல முழு பேரு, தேதி. மொதல்ல வேகமாதான் போட்டாரு. நூறு தாண்டினதும் பேரு சுருங்க ஆரம்பிச்சிது. ஆபீஸ்ல கீற ஸ்பெசிமன் கையெழுத்தோட ஒத்து பாத்து, சேராதத திருப்பி குடுத்தேன். புழுக்கமா கீதுன்னு மேஜய வேப்ப மரத்தடிக்கு மாத்த சொன்னாரு. மாத்தினாங்க. நிழல் சீட்டு கிழிச்சி குடுத்தேன். வாங்கி வேட்டி மடிப்புல சொருவிக்கினாரு. மாலை பூவு பேப்பர் மேல உதிர்ந்துக்கினே இருந்தது, ஊதி ஊதி தள்ளினாரு. வெளிய டிரம்செட்டுகாரங்க அடிச்சி அடிச்சி களைச்சி போயி டீ குடிக்க போயிட்டாங்க. ஒன்றரை மணிக்கு முடிச்சாரு. வெரலு மூணும் நீலம். நான் 'ஒன்றும் இல்லை'ன்னு எழுதி சீல் குத்தி ரெண்டு கையாலயும் குடுத்தேன்.

திருப்பதிலேருந்து சித்தூருக்கு ஒன்றரை மணி நேரம். அப்படியே ஒரு காருல ஏறி போயிருந்தா தொட்டிருப்பாரு. ஆனா ஊர்வலம் இல்லாம போனா மரியாத இல்லன்னு நாப்பது வண்டியும் கெளம்புச்சி. கேட்டுல தேவேந்திரனோட ஆளுங்க வண்டிக்கு வண்டி ரசீது கிழிச்சாங்க. அவங்க ஒன்னியும் வேணும்னு பண்ணல, அண்ணன் சொல்லி வெச்சிட்டு போன வேலைய பண்ணாங்க. தேவேந்திரன் முன் காருலேருந்து இறங்கி ஓடி வந்து, உடுங்கடான்னு அவன் ஆளுங்களையே அறஞ்சானாம். மூணு மணிக்கு கலெக்டர் ஆபீஸ் கேட்ட மூடிட்டாங்க. இவரு மூணு ஆறுக்கு போனாரு. இனிமே ஆறு வருஷம் கழிச்சிதான். அந்த வேலையும் இல்ல, இந்த வேலையும் இல்ல. மிச்சத்த நீ டிவில பாத்துட்ட.

எட்டாம் தேதி ஸ்ரீசிட்டிக்கு போயி சர்டிபிகேட்ட காட்டி சேந்துட்டேன் நைனா. லேப்ல கோட்டு குடுத்தாங்க, கொஞ்சம் பெருசா கீது. சம்பளம் வந்ததும் ஊருக்கு வர்றேன்.

அக்கா, இதுக்கு மேல நைனாக்கு படிக்காத. ஐநூத்தி நாப்பது பேருக்காக ஒத்த பொண்ணா நின்னு போராடினேன்னு யுனிவர்சிட்டி ஹாஸ்டல்ல எல்லாம் பேசிக்கினு கீறாங்க. ஒரு பொண்ணு வந்து கையில புடிச்சி அழுதுட்டு போனா. அவ பேரு அந்த அடுக்குல எங்க இருந்துதுன்னு கூட எனக்கு தெரியாது, நான் யாரு பேரையும் படிக்கல. என்னோடத மட்டும் தேடி எடுத்து எல்லாத்துக்கும் மேல வெச்சிருந்தேன். மை பேனா வந்த மொத நிமிஷமே அதுல கையெழுத்து ஆயிடுச்சி. அவரு பேர படிச்சி, என்ன நிமிந்து பாத்து, அப்போதான் அடையாளம் தெரிஞ்சிது அவருக்கு. உன்னுது ஆச்சேம்மா, இத்தோட உட்டுடும்மா, உனக்கு புண்ணியமா போவும்னு மெதுவா, தமிழ்லதான் கேட்டாரு. மணி அப்போ பத்தரைதான். சீல் என் கையிலதான் இருந்துது.

நான் என்னோடத காய வெச்சி பையில போட்டுக்கினு, அடுத்தத அவரு முன்னால நகத்தி வெச்சேன்.